வீட்டுமொழியைக் கைவிடச் சொல்லும் அறிவுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டில் பேசாத மொழியில் பிள்ளையைப் படிக்க வைப்பது பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வெளிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எந்த மொழி உயர்ந்தது, எந்த மொழி நாளைக்கு வேலை வாங்கித் தரும் என்ற வாதமே அவற்றில் பெரும்பாலும் ஓங்கி நிற்கிறது. அந்த வாதத்துக்குள் நான் நுழையப் போவதில்லை. பிழைப்புக்காக இடம் பெயர்ந்தவர்கள், மொழி எல்லைகளின் ஓரத்தில் வாழ்பவர்கள், அருகில் வேறு பள்ளியே இல்லாதவர்கள், தம் மொழியில் பாடநூலே அச்சாகாதவர்கள் என்று எத்தனையோ குடும்பங்களுக்குப் பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. அப்படிச் சேர்ந்துவிட்ட பிள்ளையிடமும் அதன் வீட்டாரிடமும் பள்ளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றி, தொடக்க வகுப்புகளில் நெடுங்காலம் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். “பிள்ளை பாடத்தில் பின்தங்குகிறான், இனிமேல் வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள்” என்று ஆசிரியர்கள் பெற்றோரிடம் சொல்வதைப் பெற்றோர் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த அறிவுரை, அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே பிடிமானத்தையும் பறித்துவிடுகிறது என்பதே என் கருத்து.

இது ஏதோ ஒரு சிலருடைய சிக்கல் அன்று. குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளில் நூற்றுக்கு 37 மாணவர்கள் தங்களுக்கு நன்றாக விளங்காத மொழியில் கற்பிக்கப்படுகிறார்கள் என்று உலக வங்கி 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கணித்தது. செல்வந்த நாடுகளுக்குக் குடியேறியோரின் பிள்ளைகள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

ஐந்து, ஆறு வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டுமொழியின் இலக்கணம் ஏறக்குறைய முழுவதும் அதன் நாவில் இருக்கிறது. நேற்று நடந்ததையும் நாளை நடக்கப் போவதையும் அது பிரித்துச் சொல்லும். காரண காரியம் கோத்துப் பேசும். தம்பியின் மேல் பழிபோட்டுத் தப்பிக்கும். கேட்ட கதையை ஒரு நிகழ்ச்சியும் விடாமல் திருப்பிச் சொல்லும். பெரியவர்கள் கதையை மாற்றினால் உடனே திருத்தும். தெரியாத மொழியில் பாடம் நடக்கும் வகுப்பில் கால் வைத்ததும் இத்தனையும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. உள்ளே உட்கார்ந்திருப்பது, பக்கத்துப் பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் தானும் திறந்து, அது எழுந்தால் தானும் எழுந்து, நாள் முழுவதும் பிறரைப் பார்த்தே நடந்துகொள்ளும் ஒரு குழந்தை. கரும்பலகையில் இருப்பதைப் பிழையில்லாமல் எழுதிக் காட்டும். அருகில் நின்று பார்த்தால்தான் தெரியும், அது எழுதவில்லை, வரைகிறது என்று. எழுத்தைக் கீழிருந்து மேலாகக் கோடு கோடாக இழுக்கும். ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாததால், வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும். நோட்டில் எல்லாம் சரியாகவே இருப்பதால் ஆசிரியரும் சரியென்று குறியிட்டுவிடுகிறார். இப்படியே ஓராண்டு முழுவதும் ஓடிவிடுவது அரிதன்று.

பல பிள்ளைகள் முதல் சில மாதங்களுக்கு வாயே திறப்பதில்லை. புதிய மொழிக்குள் நுழையும் குழந்தை, பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு காலம் உண்டு என்பதைக் குழந்தைகளின் மொழி வளர்ச்சியை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த மௌனத்துக்குள் ஓயாத உழைப்பு நடக்கிறது. ஆனால் வகுப்பறையில் அதற்கு வேறு பெயர்கள் வைக்கப்படுகின்றன: மந்தம், கூச்சம், கவனக்குறைவு, சில வேளைகளில் அறிவுக் குறைபாடு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வீட்டில் ஸ்பானிய மொழி பேசிய ஒன்பது பிள்ளைகள், ஆங்கிலத்தில் நடத்தப்பட்ட நுண்ணறிவுத் தேர்வை மட்டும் வைத்து, அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் போடப்பட்டார்கள். ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தபோது அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்லர் என்று தெரியவந்தது. அவர்கள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கு 1970இல் உடன்பாட்டில் முடிந்தது. இனிமேல் பிள்ளையின் முதன்மை மொழியிலும் சோதித்த பிறகே இத்தகைய முடிவு எடுக்கப்பட வேண்டும் என்பதை மாநிலக் கல்வித்துறை ஏற்றுக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை அதற்குத் தெரிந்த மொழியில் கேட்டுப் பார்க்காமலே முடிவு கட்டும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன என்பதை எண்ணும்போது மனம் பொறுக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடன் வாங்கிக் கழிக்கும் மூன்றிலக்கக் கணக்குகளை அவள் தவறாமல் போடுவாள். அதே கணக்கை ஒரு சிறு கதையாக எழுதிக் கொடுத்தால், அதில் கண்ணில் படும் எண்களையெல்லாம் கூட்டி விடை எழுதுவாள். “கூட்டலா, கழித்தலா என்று மட்டும் சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்” என்று அவள் என் மேசையருகே வந்து நிற்பது வழக்கம். அவளுடைய வீட்டுமொழி அறிந்த வேறொரு ஆசிரியை ஒருநாள் அவளை அழைத்து, ஒரு பேருந்தில் 52 பேர் இருந்தார்கள், ஒரு நிறுத்தத்தில் 17 பேர் இறங்கினார்கள், 9 பேர் ஏறினார்கள் என்று அவள் மொழியில் சொல்லி முடிப்பதற்குள் 44 என்று விடை வந்துவிட்டது. அதோடு நிற்காமல், எல்லாருக்கும் உட்கார இடம் இருந்ததா என்று அவள் திருப்பிக் கேட்டாளாம். என் வகுப்பில் அவள் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. கணக்கு தெரியாத பிள்ளை என்று அவளுடைய முன்னேற்ற அறிக்கையில் முந்தைய ஆண்டுகளில் எழுதப்பட்டிருந்தது. அவளுக்குத் தெரியாதிருந்தது கணக்கு எழுதப்பட்ட மொழி மட்டுமே.

இன்னொரு தடுமாற்றம் இதைவிட ஆழமானது, ஏனென்றால் அது வெற்றியின் உருவத்தில் வருகிறது. ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் பிள்ளை விளையாட்டுத் திடலில் பள்ளி மொழியைச் சரளமாகப் பேசத் தொடங்கிவிடுகிறது. பெற்றோர் மகிழ்கிறார்கள்; ஆசிரியர் நிம்மதி அடைகிறார்; தனிக் கவனம் நிறுத்தப்படுகிறது. பேச்சு வழக்கில் வரும் சரளம் வேறு, பாடத்தைப் புரிந்துகொள்ளவும் எழுதவும் வேண்டிய மொழித்திறன் வேறு என்பதை ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979ஆம் ஆண்டிலேயே பிரித்துக் காட்டினார். கனடாவில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளின்படி, முதல் வகைத் திறன் ஏறக்குறைய 2 ஆண்டுகளில் வந்துவிடுகிறது. இரண்டாவதில் உடன் படிப்பவர்களுக்கு நிகராக வருவதற்குக் குறைந்தது 5 முதல் 7 ஆண்டுகள் ஆகின்றன. திடலில் பேசும்போது கை காட்டலாம், முகம் பார்க்கலாம், பேசும் பொருள் கண் எதிரே இருக்கும். நான்காம் வகுப்பு அறிவியல் நூலில் ஆவியாதலைப் பற்றி வரும் ஒரு பத்தியில் அப்படி எந்தத் துணையும் இல்லை. அங்கே “எனினும்”, “விளைவாக”, “இதற்கு மாறாக” என்ற இணைப்புச் சொற்களின் மேல்தான் பொருள் முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு வகுப்புகளில் நன்றாகப் படித்த பிள்ளை நான்கு, ஐந்தாம் வகுப்பில் திடீரெனச் சரிந்துவிட்டது என்று பெற்றோர் திகைப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

இந்தச் சரிவு தெரியும்போதுதான் நான் முதலில் குறிப்பிட்ட அறிவுரை சொல்லப்படுகிறது. வீட்டில் பள்ளி மொழி அதிகமானால் பள்ளியில் அது வலுப்படும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே படும். ஆனால் சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. யுனெஸ்கோ கூட்டிய வல்லுநர் குழுவின் அறிக்கை 1953இல் வெளிவந்தபோதே, பிள்ளைக்குக் கற்பிக்க மிகச் சிறந்த ஊடகம் அதன் தாய்மொழியே என்று கூறியது. நைஜீரியாவில் இஃபே நகரில் 1970இல் தொடங்கிய ஒரு பரிசோதனையில், ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியின் ஆறு ஆண்டுகளும் வீட்டுமொழியாகிய யோருபாவிலேயே பாடம் நடத்தி, ஆங்கிலத்தைத் தனிப் பாடமாகத் தேர்ந்த ஆசிரியரைக் கொண்டு கற்பித்தார்கள். வழக்கப்படி நான்காம் வகுப்பு முதல் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைகளைவிட அவர்கள் மற்றப் பாடங்களில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை, சிறப்பாகவே செய்தார்கள். கல்வியாளர் பாபாதுண்டே ஃபஃபுன்வா முன்னின்று நடத்திய அந்த முயற்சி, இன்றும் இத்துறையில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. ஒரு மொழியில் ஆழமாக வேரூன்றிய சிந்தனையும் வாசிப்புத் திறனும் அடுத்த மொழிக்குக் கைகொடுக்கின்றன. ஒரு பத்தியின் மையக் கருத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, எழுதியவர் சொல்லாமல் விட்டதை ஊகிப்பது எப்படி என்பவற்றைப் பிள்ளை ஒரு மொழியில் கற்றுவிட்டால் போதும். மறு மொழிக்குப் போகும்போது புதிய எழுத்தும் சொல்லும் தொடரமைப்பும் மட்டுமே கற்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் பலர் ஒரு மறுப்பைச் சொல்வார்கள்: எத்தனையோ பிள்ளைகள் தொடக்கத்திலிருந்தே வேறு மொழியில் படித்து நன்றாக வந்திருக்கிறார்களே! உண்மைதான். கனடாவில் மாண்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் தாங்களே கேட்டுப் பெற்று, 1965 முதல் தங்கள் பிள்ளைகளை முழுக்கப் பிரெஞ்சு வழியில் படிக்க வைத்தார்கள். அது வெற்றி பெற்று, பல நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று. ஆனால் அந்தப் பிள்ளைகள் வீட்டிலும் வெளியிலும் ஆங்கிலத்திலேயே வாழ்ந்தார்கள். அவர்களுடைய மொழிக்குச் சமுதாயத்தில் உயர்ந்த மதிப்பு இருந்தது. வகுப்பில் எல்லாருமே பிரெஞ்சு தெரியாதவர்கள் என்பதால் ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் புதிதாக அறிமுகப்படுத்தினார். பிள்ளை தன் மொழியில் பேசினால் ஆசிரியருக்கு அது விளங்கியது. இரண்டாம் வகுப்பு முதல் ஆங்கிலமும் ஒரு பாடமாகச் சேர்க்கப்பட்டது. யாரும் அந்தப் பெற்றோரிடம் வீட்டில் ஆங்கிலத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அந்தத் திட்டத்தை ஆராய்ந்த வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளர்தான், முதல் மொழியோடு இன்னொன்று சேரும் இருமொழி நிலையையும், முதல் மொழியை அழித்துவிட்டு வரும் இருமொழி நிலையையும் பிரித்துப் பேசினார். இடம் பெயர்ந்த கூலித் தொழிலாளியின் பிள்ளை, நாற்பது பேர் சரளமாகப் பேசும் வகுப்பில் தான் மட்டும் ஊமையாக உட்கார்ந்திருப்பதை மாண்ட்ரியல் பிள்ளைகளோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

சுவீடனில் குடியேறிய பின்லாந்துக் குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்து ஸ்குட்னாப்-கங்காஸ், டௌகோமா என்ற இருவர் 1976இல் வெளியிட்ட முடிவுகள் இன்னும் வியப்பானவை. கைக்குழந்தையாகவோ பள்ளி செல்லும் வயதுக்குச் சற்று முன்னரோ வந்தவர்களைவிட, பின்லாந்தில் தங்கள் மொழியில் சில ஆண்டுகள் படித்துவிட்டுப் பத்து வயதளவில் வந்தவர்களே சுவீடிய மொழியில் உள்ளூர்ப் பிள்ளைகளின் தரத்தை நெருங்கினார்கள். அந்த ஆய்வு கையாண்ட சில கருத்தாக்கங்கள் பற்றிப் பின்னர் கடுமையான விவாதங்கள் எழுந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் சுவீடன் அரசு 1977இல் கொண்டுவந்த சீர்திருத்தம், குடியேறியோர் பிள்ளைகளுக்கு வீட்டுமொழிப் பாடம் பள்ளியிலேயே கிடைக்க வழி செய்தது. சீக்கிரமாகத் தொடங்கினால் சீக்கிரமாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியானதன்று.

இனி, வீட்டுக்குள் அந்த அறிவுரை என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இதுவே இந்தக் கடிதத்தின் நெஞ்சுப் பகுதி. ஆசிரியர் சொன்னதைத் தட்ட மனமில்லாத தாய், தனக்கு அரைகுறையாகத் தெரிந்த பள்ளி மொழியில் பிள்ளையோடு பேசத் தொடங்குகிறாள். அவளுக்குத் தெரிந்தவை சில நூறு சொற்கள். வா, உட்கார், எழுது, படி, தூங்கு, சத்தம் போடாதே. இவற்றைக் கொண்டு கட்டளையிடலாம், உரையாட முடியாது. பள்ளியில் உன்னை யார் அழவைத்தது, நீ அப்போது என்ன சொன்னாய், அவன் அப்படிச் செய்ததற்கு வேறு காரணம் இருக்குமா என்று கேட்க அவளிடம் அந்த மொழியில் சொல் இல்லை. மழை எங்கிருந்து வருகிறது என்று பிள்ளை கேட்டால், தன் மொழியில் அழகாக விளக்கியிருக்கக்கூடியவள், “அதெல்லாம் டீச்சரிடம் கேள்” என்று முடித்துக்கொள்கிறாள். ஆசிரியரின் அறிவுரையால் பிள்ளை இழந்தது ஒரு மொழியை மட்டுமா? நாள்தோறும் மணிக்கணக்கில் கிடைத்துவந்த விளக்கம், கதை, வாக்குவாதம், சிரிப்பு எல்லாமே சுருங்கிப்போகின்றன. அதற்கு ஈடாகக் கிடைப்பதோ, பிழை மலிந்த பள்ளி மொழி. வகுப்பில் சில ஆண்டுகளில் தானாகத் திருந்தியிருக்கக்கூடிய பேச்சுக்கு வீட்டிலிருந்து பிழையான மாதிரிதான் போய்ச் சேருகிறது.

அமெரிக்காவில் லில்லி வோங் ஃபில்மோர் என்ற ஆய்வாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடுத்த கட்டத்தை விவரிக்கிறது. மிகச் சிறு வயதிலேயே ஆங்கில வழி மழலையர் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட குடியேறியோர் பிள்ளைகள் பலர், ஆங்கிலம் கற்ற வேகத்திலேயே வீட்டுமொழியை இழந்தார்கள் என்றும், அதன் பின்னர் பெற்றோரும் பிள்ளைகளும் மனம் விட்டுப் பேச ஒரு பொது மொழியே இல்லாத நிலை சில குடும்பங்களில் ஏற்பட்டது என்றும் அவர் காட்டினார். இதை நானும் கண்ணாரக் கண்டிருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியருக்கும் தாய்க்கும் நடுவே பத்து வயதுப் பிள்ளை நின்று மொழிபெயர்க்கும். தன்னைப் பற்றிய குறையைத் தானே தாயிடம் சொல்ல வேண்டிய நிலை. அந்தத் தாய் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமலே தலையாட்டுவாள். பிள்ளையின் கண்ணில் அவள் மதிப்பு அங்கேயே ஒரு படி இறங்கிவிடுகிறது. பதின்பருவத்தில் அந்தப் பிள்ளை வழி தவறப் பார்க்கும்போது, அறிவு சொல்லவும் ஆறுதல் சொல்லவும் அவளுக்கு எந்த மொழி மிச்சமிருக்கும்? வீட்டுமொழியை விடச் சொல்லும் ஆசிரியர் இவ்வளவு தொலைவு நினைத்துப் பார்த்துச் சொல்வதில்லை. ஆனால் அவருடைய சொல்லுக்கு அந்த வீட்டில் இருக்கும் எடை அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இரண்டு மொழிகள் கலந்தால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகும் என்ற அச்சமும் இதோடு சேர்த்துப் பரப்பப்படுகிறது. இருமொழிச் சூழல் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை என்பது இன்று ஆய்வாளர்களிடையே ஏற்கப்பட்ட முடிவு. உண்மையாகவே பேச்சு தாமதமாகும் பிள்ளைக்கு வேறு காரணம் இருக்கும்; மொழியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் ஆபத்து. இருமொழி அறிந்த பிள்ளைகள் அறிவில் குன்றியவர்கள் என்று முன்பு நம்பப்பட்டதையும், 1962இல் மாண்ட்ரியலில் எலிசபெத் பீல், லாம்பர்ட் ஆகியோர் பத்து வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு தகர்த்துவிட்டது.

பயிற்றுமொழிக் கொள்கை சரியாக அமைந்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். நானும் அதை விரும்புகிறேன். ஆனால் கொள்கைகள் நிலையாக நிற்பதில்லை. மலேசியா 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கி, 2009இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. பிலிப்பைன்ஸ் நாடு தொடக்க வகுப்புகளில் தாய்மொழி வழிக் கல்வியை 2013இல் சட்டமாக்கி, 2024இல் வேறொரு சட்டத்தின் மூலம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. மேலே நடக்கும் இந்த மாற்றங்களுக்கு நடுவே ஒரு பிள்ளையின் தொடக்கக் கல்வி முடிந்தே போய்விடுகிறது. கொள்கை எதுவானாலும், அந்தப் பிள்ளை மாலையில் வீடு திரும்பும்போது யார் எந்த மொழியில் அதனோடு பேசுகிறார்கள் என்பது குடும்பத்தின் கையிலும், குடும்பத்துக்கு அறிவுரை சொல்லும் ஆசிரியரின் கையிலும் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்துகிறோம், ஒரே புத்தகம் கொடுக்கிறோம், இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று கேட்கும் பள்ளி நிர்வாகிகளும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளின் சார்பில் தொடரப்பட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல் இதற்கு விடை சொல்லிவிட்டது. ஒரே வசதி, ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் என்று கொடுத்துவிடுவதால் மட்டும் சமமாக நடத்தியதாகாது என்றும், மொழி விளங்காத மாணவருக்குப் பொருளுள்ள கல்வியின் கதவு அடைபட்டே இருக்கிறது என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. 1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு, பிள்ளையின் பெற்றோரிடத்திலும் அதன் சொந்த மொழியிடத்திலும் மதிப்பை வளர்ப்பதைக் கல்வியின் நோக்கங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில், வீட்டுமொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். நாள் முடிவில் அது யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குத் தண்டனை. இன்று பலகை இல்லை. வீட்டுமொழியில் பேசினால் அபராதம், பெயரை எழுதி வைத்தல், வகுப்பின் முன் நிறுத்துதல் என்பவை மட்டும் இருக்கின்றன.

ஆசிரியரின் நிலையும் எனக்குத் தெரியும். ஒரே வகுப்பில் நான்கு மொழிகள் பேசும் பிள்ளைகள் இருப்பார்கள்; ஆசிரியருக்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியாமல் இருக்கும். பாடத்தை முடித்தாக வேண்டும். அவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் பிள்ளையின் மொழி தெரியாத ஆசிரியரும் செய்யக்கூடியவை இருக்கின்றன. ஒரே வீட்டுமொழி உள்ள இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாடத்தைத் தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசிக்கொள்ள விடலாம். அது அரட்டை அன்று. பாடம் அங்கேதான் நடக்கிறது. கட்டுரையை முதலில் தன் மொழியில் எழுதிவிட்டு அல்லது சொல்லிவிட்டுப் பிறகு பள்ளி மொழிக்கு வரும்படி சொல்லலாம். நாளை நடத்தப்போகும் பாடம் எதைப் பற்றியது என்று முந்தைய நாளே பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டால், அவர்கள் அதைத் தங்கள் மொழியில் பிள்ளையோடு பேசி அனுப்புவார்கள். மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளைக்குப் புதிதாக இருப்பது சொல் மட்டுமே, பொருள் ஏற்கெனவே கைவசம் இருக்கும். இந்த ஒன்றைச் செய்து பார்த்தபோது நான் கண்ட மாற்றத்தை வேறு எந்த முறையிலும் கண்டதில்லை. அதுவரை கடைசி வரிசையில் குனிந்தே இருந்த பிள்ளை, படத்தைக் கண்டதும் கையை உயர்த்தும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பள்ளி மொழி உங்களுக்குத் தெரியாது என்பதற்காகப் பிள்ளையின் படிப்பில் உங்களுக்கு இடமில்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். அன்றைக்கு வகுப்பில் நடந்ததை உங்கள் மொழியில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்; பள்ளி மொழியில் கேட்டதை வீட்டுமொழியில் விளக்கிச் சொல்ல முடிந்த பிள்ளைக்குப் பாடம் உண்மையாகவே விளங்கியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டுமொழியின் எழுத்துகளையும் சொல்லிக்கொடுங்கள். நாளும் கொஞ்ச நேரம் ஒரு பக்கம் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் கதையும் விடுகதையும் மனக்கணக்கும் தொழில் நுணுக்கமும் இருக்கின்றன. அவற்றைச் சொல்வதற்கு உங்களைவிடத் தகுதியானவர் எந்தப் பள்ளியிலும் இல்லை. பிள்ளை பள்ளி மொழியில் பதில் சொன்னால் கடிந்துகொள்ள வேண்டாம். நீங்கள் உங்கள் மொழியிலேயே தொடருங்கள்.

கல்வித்துறையிடம் நான் கேட்பவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில், பிள்ளை வீட்டில் யாருடன் எந்த மொழியில் பேசுகிறது என்று கேட்கும் ஒரு பகுதி இருக்க வேண்டும். அந்தத் தகவல் அலுவலகக் கோப்போடு நின்றுவிடாமல் வகுப்பாசிரியர் கைக்கு வர வேண்டும். பள்ளி மொழி புதிதாகக் கற்கும் பிள்ளையை முதல் சில ஆண்டுகளுக்கு எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது. கணக்கிலும் அறிவியலிலும் அதன் மொழி அறிந்த ஒருவர் மூலம் வாய்மொழியாகக் கேட்டுப் பார்க்க இடம் தர வேண்டும். கற்றல் குறைபாடு என்று முடிவு எழுதுவதற்கு முன் வீட்டுமொழியில் சோதிப்பது கட்டாயமாக வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்குப் பிள்ளையல்லாத ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த மொழி பேசும் வேறொரு பெற்றோரைக் கேட்டால் மகிழ்ச்சியோடு வருவார். வீட்டுமொழியில் பேசியதற்காக எந்தப் பிள்ளையும் தண்டிக்கப்படக் கூடாது என்று எழுத்தில் ஆணையிட வேண்டும். ஆசிரியர் பயிற்சியில், இருமொழிப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பது ஒரு பாடமாக இடம்பெற வேண்டும். பெற்றோருக்குச் சொல்லக் கூடாத அறிவுரை எது என்பதும் அந்தப் பாடத்திலேயே சொல்லித்தரப்பட வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்கான சேர்க்கைப் படிவங்கள் அச்சுக்குப் போவதற்கு முன்பாகவேனும் முதல் கோரிக்கையைக் கல்வித்துறை ஏற்க, தங்கள் நாளிதழ் இதை வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்